மட்டம்: செயல்வழிக் கற்றலும் கையின் சாதியும்

1

ட, ப, ம என்கிற மூன்று எழுத்துகளைப் புள்ளியோடும் புள்ளியில்லாமலும் வைத்துக்கொண்டு எத்தனை சொற்கள் செய்ய முடியும்? 2016 தொடக்கத்தில், மேற்குத் தாம்பரத்தைத் தாண்டி முடிச்சூர்ப் பக்கம் நாங்கள் சிலர் நடத்திவந்த மாலைநேர மையத்தில் ஆறேழு வயதுப் பிள்ளைகளிடம் இந்தக் கேள்வியைப் போட்டோம். முந்தைய டிசம்பரில் அடையாற்று வெள்ளம் அந்தப் பக்கத்தை மூழ்கடித்துவிட்டுப் போயிருந்தது. எங்களிடம் இருந்தவை அரசுப் பள்ளி ஒன்று கழித்துப்போட்ட பழைய செயல்வழிக் கற்றல் அட்டைகள். அவற்றிலும் பாதி தண்ணீரில் ஊறி உப்பிப் போனவை. அட்டையில் படம் இருந்தது, பட்டம் இருந்தது. பிள்ளைகள் இரண்டையும் சொல்லி முடித்துவிட்டார்கள். வேற? என்று கேட்டேன்.

"மட்டம்" என்றாள் ஒரு சிறுமி.

"மட்டம்னா என்னம்மா?"

"எங்கப்பா வச்சிருக்காரு சார். கண்ணாடிக்குள்ள குட்டி முட்டை ஓடும். அது நடுவுல நின்னா கரெக்டுனு அர்த்தம்."

அவள் அப்பா கொத்தனார். அவள் சொன்னது ரசமட்டம். பக்கத்திலிருந்த பையன் விடவில்லை: "அது இல்ல சார். ஸ்கூலுக்கு மட்டம் போடறதுதான் மட்டம். எங்கண்ணன் டெய்லி போடறான்." எல்லாரும் சிரித்தார்கள். மூன்றாவதாக, கொஞ்சம் பெரிய பிள்ளை ஒருத்தி சிலேட்டிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னாள்: "எங்க தெரு பசங்கள அப்படித்தான் சொல்லுவாங்க. மட்டமான பசங்கன்னு."

ஒரு கருவி, ஒரு மீறல், ஒரு இழிவு. ஒரே சொல்லுக்குள் ஒரு தெரு முழுக்க வந்து உட்கார்ந்துவிட்டது. ஆனால் அட்டையில் அந்தச் சொல் கிடையாது. அடைவுப் பட்டியலில் டிக் அடிக்க வேண்டியது படத்துக்கும் பட்டத்துக்கும்தான்.

செயல்வழிக் கற்றல் நல்லதா கெட்டதா என்று நம் வட்டங்களில் நடந்துவந்திருக்கிற வாக்குவாதம் இந்த இடத்தைத் தொடுவதேயில்லை என்று எனக்குப் படுகிறது. வகுப்பறைக்குள் செயல் வந்துவிட்டாலே குழந்தை விடுதலையடைந்துவிடும் என்கிறது ஒரு தரப்பு. விளையாட்டுக் காட்டி ஏழைப் பிள்ளையின் படிப்பைப் பறிக்கிறார்கள் என்கிறது இன்னொரு தரப்பு. செயல் யாருடையது, அது எதில் போய் முடிகிறது, அதைப் பற்றிப் பேசும் உரிமை யாரிடம் இருக்கிறது என்கிற கேள்விகளை வைத்துக்கொண்டு இதன் கதையைக் கொஞ்சம் புரட்டிப் பார்க்கலாம்.

2

முறை எப்படி இயங்கியது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆதரித்தவர்களிலும் எதிர்த்தவர்களிலும் பலர் அந்த வகுப்பறையில் பாய் விரித்து உட்கார்ந்து பார்க்காமலே பேசியவர்கள்.

2003-இல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் இது தொடங்கியது. அப்போது மாநகராட்சி ஆணையராக இருந்தவர் எம்.பி. விஜயகுமார். கொத்தடிமை நிலையிலிருந்து மீட்கப்பட்ட குழந்தைகளுக்கு நடத்திய சிறப்புப் பள்ளிகளின் அனுபவம் இதற்குப் பின்னால் இருந்தது. ஆந்திரத்தின் ரிஷிவேலி, தன்னைச் சுற்றியுள்ள கிராமப் பள்ளிகளுக்காக உருவாக்கிய அட்டை முறையிலிருந்து இதன் உருவம் வந்தது. அதற்கும் முன்னோடி, 1972-இல் கோலார் பகுதியில் டேவிட் ஹார்ஸ்பர்க் தொடங்கிய நீல்பாக் பள்ளி. 2007-08-இல் தமிழ்நாட்டின் 37,000-க்கும் மேற்பட்ட அரசு, அரசு உதவி பெறும் தொடக்கப் பள்ளிகளுக்கு இது விரிந்தது. தாம்பரமும் பல்லாவரமும் சென்னை மாநகராட்சிக்கு வெளியே, அன்றைய காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருந்தன. ஆகவே இந்தப் பக்கத்து ஊராட்சி ஒன்றியப் பள்ளிகள் அட்டையைப் பார்த்தது அந்த இரண்டாவது அலையில்தான்.

பாடப்புத்தகம் சின்னச் சின்ன அட்டைகளாகப் பிரிக்கப்பட்டது. ஒவ்வொரு அட்டைக்கும் ஒரு எண், ஒரு சின்னம். சில அட்டைகள் சேர்ந்தால் ஒரு மைல்கல். எல்லா மைல்கற்களையும் வரிசையாகக் காட்டுகிற படம் சுவரில் தொங்கும். அதற்குப் பெயர் ஏணி. காலையில் பிள்ளை வந்ததும் தன் வருகையைத் தானே பதிந்துகொள்ளும், வெயிலா மேகமா என்று வானிலை அட்டவணையில் குறிக்கும். பிறகு ஏணியைப் பார்த்து, நேற்று விட்ட இடத்துக்கு அடுத்த அட்டையைத் தட்டிலிருந்து எடுக்கும். அட்டையின் சின்னம் எந்தக் குழுவில் உட்கார வேண்டும் என்று சொல்லும். குழுக்கள் ஆறு: ஆசிரியர் முழு உதவி, ஆசிரியர் பகுதி உதவி, சக மாணவர் முழு உதவி, சக மாணவர் பகுதி உதவி, சுயமாகக் கற்றல், மதிப்பீடு. சுவரின் அடிப்பகுதி முழுக்க, உட்கார்ந்தால் கைக்கு எட்டும் உயரத்தில், கீழ்மட்டக் கரும்பலகை. ஒவ்வொரு பிள்ளைக்கும் அதில் ஒரு பங்கு. மேலே கட்டிய கம்பிப் பந்தலில் பிள்ளைகள் வரைந்ததும் எழுதியதும் தொங்கும். கணக்கில் பத்து என்பது எழுதிக் காட்டப்படும் எண்ணாக வராது. பத்துக் குச்சியை எண்ணி நூலால் கட்டிய கட்டாக வரும். 'ஒரு கட்டு, மூணு உதிரி' என்று கைக்குத் தெரிந்த பிறகே 13 வரும். எழுத்தும் அகர வரிசையில் தொடங்காது. கை எளிதில் வளைக்கிற, உடனே சொல்லாகச் சேர்கிற ட, ப, ம மாதிரி எழுத்துகள் முதலில் வரும்.

இதில் நடந்த மாற்றத்தைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. மேடை போனது. நாற்காலி ஓரமாய் நகர்ந்து ஆசிரியரின் உடல் தரைக்கு வந்தது. ஒரே குரலில் நாற்பது பிள்ளைகள் இழுத்து ராகம் பாடுகிற வாசிப்பு போனது. எல்லாவற்றையும்விட, காலம் பிள்ளையின் கைக்கு வந்தது. தென்புறநகரில் இதற்கு ஒரு தனி அர்த்தம் உண்டு. கட்டட வேலைக்கு ஊர் விட்டு ஊர் போகிற குடும்பத்துப் பிள்ளை இரண்டு மாதம் காணாமல் போய்த் திரும்பி வரும். பழைய வகுப்பில் அது 'பின்தங்கிய' பிள்ளை. பாடம் அதை விட்டுவிட்டு ஓடியிருக்கும். அட்டை வகுப்பில் அது விட்ட இடத்திலேயே ஏணி காத்திருந்தது. இவ்வளவு சின்ன ஏற்பாடு எத்தனை அவமானங்களை இல்லாமலாக்கியது என்பதைப் பள்ளியிலிருந்து நின்றுபோனவர்களைக் கேட்டால் சொல்லுவார்கள்.

ஆனால் ஏணிக்கு ஒரு குணம் உண்டு. அதில் பக்கவாட்டில் போக முடியாது. மேலே ஏறலாம், இல்லையென்றால் நின்ற இடத்தில் நிற்கலாம். 'மட்டம்' என்று சொன்ன பிள்ளை பக்கவாட்டில் போனாள்.

3

சக மாணவர் உதவி, தரையில் எழுதுதல், படிப்படியான ஏற்றம் ஆகிய இவை எதுவும் மேற்கிலிருந்து புதிதாக இறக்குமதியானவை அல்ல. இந்த ஊரிலிருந்து ஏற்றுமதியாகி, உருமாறித் திரும்பி வந்தவை.

ஆண்ட்ரூ பெல் என்கிற ஸ்காட்லாந்துப் பாதிரியார் 1787-இல் சென்னைக்கு வந்தார். 1789-இல் எழும்பூர் ஆண்கள் அனாதை இல்லத்தின் பொறுப்பை ஏற்றார். ஐரோப்பியச் சிப்பாய்களுக்கும் இங்குள்ள பெண்களுக்கும் பிறந்த பையன்களுக்கான இல்லம் அது. ஒருநாள் அவர் குதிரையில் போகும்போது, தமிழ்ப் பிள்ளைகள் தரையில் மணலைப் பரப்பி விரலால் எழுதிப் பழகுவதைப் பார்த்தார். தன் பள்ளியிலும் அதைக் கொண்டுவரச் சொன்னார். ஆசிரியர்கள் ஒத்துழைக்கவில்லை. உடனே எட்டு வயதுப் பையன் ஒருவனிடம் அரிச்சுவடி வகுப்பைக் கொடுத்தார். பையன் ஒழுங்காகவே நடத்தினான். பெரிய பிள்ளை சின்னப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கும் முறை பள்ளி முழுக்கப் பரவியது. இதை விவரித்து 1797-இல் லண்டனில் பெல் வெளியிட்ட அறிக்கையிலிருந்து உருவானதுதான் 'மதராஸ் முறை'. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் அவர் விட்டுச்சென்ற பணத்தில் எழுந்த பள்ளிக்கு இன்றும் 'மதராஸ் கல்லூரி' என்றே பெயர்.

நம் திண்ணைப் பள்ளியின் மணலும் சட்டாம்பிள்ளையும் உலகம் சுற்றின என்று பெருமைப்பட்டுக்கொண்டு இதை விட்டுவிடலாம். பலர் அப்படித்தான் விட்டுவிடுகிறார்கள். இரண்டு விஷயங்கள் அதற்குத் தடையாக நிற்கின்றன. முதலாவது, அந்தத் திண்ணை எல்லாருக்கும் ஏறக்கூடிய திண்ணை அல்ல. சூத்திர சாதிகளின் பிள்ளைகள் கணிசமாகப் படித்ததை 1820-களில் மன்றோ எடுக்கச் சொன்ன கணக்கு காட்டுகிறது. ஆனால் சேரியிலிருந்து வரும் பிள்ளையின் விரல் அந்த மணலைத் தொட முடியாது.

இரண்டாவது, இங்கிலாந்துக்குப் போன மணல் அங்கே என்னவாயிற்று என்பது. தொழிற்புரட்சிக் காலத்து ஏழைப் பிள்ளைகளை ஒரே ஆசிரியரின் சம்பளத்தில் நூற்றுக்கணக்கில் படிக்கவைக்கும் மலிவான எந்திரமாக அது ஆனது. பெல்லும் அவருடைய போட்டியாளர் ஜோசப் லங்காஸ்டரும் யாருடையது மூல முறை என்று சண்டை போட்டுக்கொண்டார்கள். இந்த வகைப் பள்ளிகளைத்தான் மிஷெல் ஃபூக்கோ 1975-இல் வெளிவந்த தண்டனை பற்றிய தன் நூலில் எடுத்துக்கொள்கிறார். மணி, சைகை, இடம், வரிசை என்று ஒவ்வொரு கணமும் ஒவ்வொரு உடலும் நிரப்பப்பட்ட கற்றல் எந்திரம் அது. அதில் பிள்ளை சும்மா இருப்பதேயில்லை. எப்போதும் ஏதோ ஒன்றைச் செய்துகொண்டேயிருக்கிறது. செய்வதும் கண்காணிக்கப்படுவதும் ஒன்றாகிவிடுகின்றன.

செயல் என்பது ஒழுங்குக்கு எதிரானது என்கிற நம் நம்பிக்கை இங்கே ஆட்டம் காண்கிறது. பிரம்பு பிள்ளையின் உடலை அசையவிடாமல் ஆள்கிறது என்றால், அட்டவணை அதே உடலை அசையவைத்தே ஆள முடியும். 2003-இன் அட்டையை 1797-இன் எந்திரம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஒரே விதையிலிருந்து இரண்டும் முளைக்க முடியும் என்பதை மறந்துவிடக் கூடாது.

4

அட்டை முறை வந்த புதிதில் தாம்பரம், பல்லாவரம் பக்கத்துப் பெற்றோரிடம் அடிக்கடி கேட்ட வார்த்தை: "படிப்பே இல்ல சார், வெறும் விளையாட்டு." நம்மில் பலர் இதைப் பெற்றோரின் அறியாமை, ஆங்கிலவழிக் கல்வி மோகம் என்று தள்ளிவிட்டோம். நானும் தள்ளியவன்தான். திரிசூலத்தில், ஒருகாலத்தில் கல்குவாரியில் ஜல்லி உடைத்த ஒரு அம்மா சொன்னதுதான் என்னை நிறுத்தியது: "எங்க கைக்கு வேல கத்துக்குடுக்க ஸ்கூல் எதுக்கு? அது எங்களுக்கே தெரியும். எழுத்தக் குடுங்க."

இந்த மண்ணில் கைக்குச் சாதி உண்டு என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது. அடையாற்றின் கழிமுகத்தை ஒட்டி, கூப்பிடு தூரத்தில் நடந்த இரண்டு விஷயங்களைப் பாருங்கள். 1894-இல் கர்னல் ஆல்காட் அங்கே, அன்று பஞ்சமர் என்று அழைக்கப்பட்டவர்களின் பிள்ளைகளுக்கு ஒரு இலவசப் பள்ளியைத் தொடங்கினார். எழுத்தறிவே மறுக்கப்பட்டிருந்தவர்களுக்கு அதுவே பெரிய கதவு. 45 ஆண்டுகள் கழித்து, 1939 நவம்பரில், அதே பிரம்மஞான சபையின் அழைப்பில் மரியா மாண்டிசோரி அடையாறுக்கு வந்தார். ஓலைக் கொட்டகைகளில் பயிற்சி நடத்தினார். உப்புத்தாளில் வெட்டிய எழுத்தை விரலால் தடவி எழுத்தின் வடிவத்தைக் கைக்குள் இறக்குவது அவருடைய புகழ்பெற்ற செயல்களில் ஒன்று. எழும்பூரின் மணல் இப்போது உப்புத்தாளாக வந்து சேர்ந்தது! இதில் ஒரு முரணைக் கவனிக்க வேண்டும். 1907-இல் ரோமின் சான் லொரென்சோ குடிசைப் பகுதியில், வேலைக்குப் போகும் பெற்றோரின் பிள்ளைகளுக்காக மாண்டிசோரி தொடங்கிய முறை அது. இங்கே அது பெரும்பாலும் கட்டணம் கட்டுகிறவர்களின் முறையாக நிலைத்தது. கையால் உழைக்கத் தேவையில்லாத வீட்டுப் பிள்ளைக்கு, பயறு பிரிப்பதும் தண்ணீர் ஊற்றுவதும் 'புலன் பயிற்சி' ஆயின. அதே வேலையை வீட்டில் செய்துவிட்டு வருகிற பிள்ளைக்கு அவற்றுக்குப் பெயர் ஏதும் இல்லை.

எதிர்ப்பக்கத்தில் 1953 இருக்கிறது. அன்றைய முதலமைச்சர் ராஜாஜி கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளில் பள்ளி நேரத்தை மூன்று மணியாகச் சுருக்கி, மீதி நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைப் பழகலாம் என்று திட்டம் கொண்டுவந்தார். பெரியாரும் திராவிட இயக்கமும் அதைக் குலக்கல்வி என்று பெயரிட்டு எதிர்த்தார்கள். 1954-இல் ராஜாஜி பதவி விலகினார். காமராஜர் முதலமைச்சரானதும் திட்டம் கைவிடப்பட்டது. 'செய்து கற்றல்' என்கிற அழகான சொல்லாடல் இங்கே எப்படி வேலை செய்யும் என்பதற்கு அது நிரந்தரமான எச்சரிக்கை. சிலருடைய பிள்ளைகளுக்குக் கை வழியாக மூளைக்குப் பாதை போடப்படும். வேறு சிலருடைய பிள்ளைகளுக்குக் கையோடு பாதை முடிந்துவிடும்.

அந்த அம்மாவின் வார்த்தையில் இருந்தது இந்த வரலாற்று ஞாபகம். ஆனாலும் அவர் சொன்னதை அப்படியே எடுத்துக்கொண்டு, பழையபடி கரும்பலகையும் மனப்பாடமும் போதும் என்று முடித்துவிட முடியாது. அந்த வகுப்பறைதான் அவரை மூன்றாவதோடு வெளியே தள்ளியது. அவர் கேட்டது எழுத்தை. கையிலிருந்து எழுத்துக்குப் போகிற பாதை அடைபடாமல் இருக்கிறதா என்பதே செயல்வழி வகுப்பை நாம் நிறுத்துப் பார்க்க வேண்டிய தராசு.

5

இன்றைய நிலைமை. 2010 ஏப்ரல் 1-இல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம் 17-ஆவது பிரிவில் உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் தடைசெய்தது. 29-ஆவது பிரிவில், குழந்தைக்கு உகந்த முறையில் செயல், கண்டறிதல், தேடல் வழியாகக் கற்பது பாடத்திட்டத்தின் கடமை என்றது. 2012-13-இல் முப்பருவப் பாடநூல்கள் வந்த பிறகு அட்டைகள் மெல்லப் பின்னுக்குப் போய்ப் பரணில் ஏறின. கொரோனாக் காலத்தில் பள்ளிகள் மூடிக் கிடந்ததால் ஏற்பட்ட இழப்பைச் சரிசெய்ய, 2022 ஜூனில் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் 1 முதல் 3 வரையுள்ள வகுப்புகளுக்குத் தொடங்கியது. அடுத்த ஆண்டு 4, 5-க்கும் விரிந்தது. அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளை நிலைகளாகப் பிரித்து, பயிற்சி நூல்களும் ஆடல் பாடல் செயல்களும் தருகிற முறை இது. மதிப்பீடு கைபேசிச் செயலியில் ஏறுகிறது. ஏணி சுவரிலிருந்து இறங்கி ஆசிரியரின் சட்டைப் பைக்குள் போய்விட்டது என்று சொல்லலாம். சுவரில் இருந்தபோது பிள்ளையும் அதைப் பார்த்தது. இப்போது அதைப் பார்ப்பவர் மேலே இருக்கிறார்.

மறுபக்கம், ஜி.எஸ்.டி. சாலையின் இருபுறமும் தனியார் பள்ளிகள் செயலை விற்கின்றன. 'ஆக்டிவிட்டி' என்பது அங்கே ஒரு கட்டண வரி. ராத்திரி ஒன்பது மணிக்கு ஃபேன்ஸி ஸ்டோரில் தெர்மகோலும் சார்ட்டும் தேடி அலைகிற அப்பா அம்மாக்களை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். செய்கிறவர் அம்மா, மதிப்பெண் பிள்ளைக்கு.

ஆகவே எந்தச் செயலையும் அதன் பெயரை வைத்து எடைபோட முடியாது. அறிவொளிக் காலத்திலிருந்து இந்த வேலையில் இருக்கிற நண்பர்களோடு பேசிப் பேசி நாங்கள் வந்து சேர்ந்த சில கேள்விகள் உண்டு. செயல் முடிந்ததும் பிள்ளை அதைப் பற்றிச் சொந்தமாக ஒரு வாக்கியமாவது பேசுகிறதா, எழுதுகிறதா? அட்டையில் இல்லாத பதில் வந்தால் வகுப்பு அங்கே கொஞ்சம் நிற்க முடியுமா, இல்லை அடுத்த அட்டைக்கு ஓட வேண்டுமா? ஒடியாவோ இந்தியோ பேசுகிற பிள்ளை தன் சொல்லைக் கொண்டுவந்தால் அதற்குத் தட்டில் இடம் உண்டா? வரிசையை மாற்றும் அதிகாரம் அந்த வகுப்பின் ஆசிரியருக்கு உண்டா? கடைசிக் கேள்வி முக்கியமானது. பக்கவாட்டில் போக அனுமதியில்லாத ஆசிரியரால் பிள்ளையைப் பக்கவாட்டில் போக விட முடியாது. ஃப்ரெய்ரேயின் வங்கிமுறைக் கல்வியைப் பற்றி நிறையப் பேசிய நாம், வங்கியின் காசாளர் நிலைமையைப் பற்றிப் பேசியது குறைவு.

முடிச்சூர்க் கதையை முடித்துவிடுகிறேன். மட்டம் என்று சொன்ன சிறுமியின் அப்பாவிடம் கேட்டோம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் ரசமட்டத்தோடு, கொத்தனார்கள் பயன்படுத்தும் தண்ணி டியூபையும் எடுத்துக்கொண்டு வந்தார். பிள்ளைகள் முதலில் மையத்தின் தரையில் மட்டத்தை வைத்து முட்டை எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்தார்கள். கோலிகுண்டை விட்டார்கள். முட்டை ஏறுகிற பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் கோலி உருண்டது. ஏன்? பெரிய சண்டை நடந்தது. பிறகு டியூபின் ஒரு முனையைப் புதிதாக உயர்த்திப் போட்டிருந்த சாலை ஓரத்துச் சுவரிலும், மறு முனையைத் தெருவின் உள்ளே ஒரு வீட்டுச் சுவரிலும் பிடித்தார்கள். டியூபுக்குள் தண்ணீர் இரண்டு பக்கமும் ஒரே மட்டத்தில் நின்றது. அங்கே கரிக்கோடு போட்டு, கோட்டிலிருந்து தரைவரை சாணால் அளந்தார்கள். சாலைப் பக்கம் ஐந்து சாண், தெருப் பக்கம் எட்டு சாண். டிசம்பரில் தண்ணீர் ஏன் அவர்கள் தெருவிலேயே நாள்கணக்கில் நின்றது என்பதற்கு அன்றுவரை அவர்களுக்குக் கிடைத்திருந்த பதில் 'நம்ம தலையெழுத்து' என்பதுதான்.

இது எந்த மைல்கல்லில் வருகிறது என்று எனக்குத் தெரியாது. கணக்கா, அறிவியலா, தமிழா? அன்றைக்கு எந்தப் பட்டியலிலும் யாரும் டிக் அடிக்கவில்லை. தலையைத் தூக்காமல் பேசிய அந்தப் பெரிய பிள்ளை சிலேட்டில் இரண்டு வரி எழுதியிருந்தாள். 'எங்கள் தெரு மட்டம். ரோடு மேடு.' முதல் வரியை அவளுக்குப் பலர் சொல்லியிருக்கிறார்கள். இரண்டாவதை அவளே அளந்து கண்டுபிடித்தாள்.